ஷேஜோ பௌவுக்குக் கொலுசு போட்டது யார்?

முப்பத்திரண்டு வயதில் ‘ஓய்வு பெற்றுவிட்டேன்’ என்று எழுதினால் என் அப்பாவே சிரிப்பார். அவர் கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். ஆனால் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. கல்லூரி முடித்த சூட்டோடு ஒரு பேயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். போன வருடம்வரை அவளைத் தவிர வேறு யாரைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது இதே ஊரில் சால்ட் லேக் பகுதியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று விளக்கக் குறிப்புகள் எழுதுகிறேன். இங்கே யாரும் சாவதில்லை, செத்தவர்கள் திரும்பி வருவதும் இல்லை. ஆகவே இது ஓய்வுதான்.

இதை எழுத வைத்தவர்கள் பழைய ஸ்டுடியோவில் எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள். எங்கள் பேய்த்தொடர் ‘ஏழாம் நம்பர் குவார்ட்டர்ஸ்’ இப்போது சினிமாவாகிறது. முன்னோட்டத்தில் எங்கள் பேய் எரிகிற வீட்டுக்குள் புகுந்து கதாநாயகியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். பார்த்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது. காமிக்ஸில் பல் முளைத்தவள், வெப் சீரிஸில் கழுத்தை நெரித்தவள், சினிமாவில் காவல் தெய்வமா? இதில் எவள் நிஜமானவள்? ‘தேன்மொழி-தி, நீயே சொல்லு’ என்று என்னை இழுத்துவிட்டார்கள். ‘தி’ என்றால் இங்கே அக்கா, ‘தா’ என்றால் அண்ணன்.

தீர்ப்புச் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அவள் ஒவ்வொரு முறை மாறியபோதும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தமிழுக்கு அவள் வந்தபோது நடந்ததைச் சொன்னால் மற்றதும் ஓரளவு விளங்கும்.

தெரியாதவர்களுக்கு முதலில் அவளைப் பற்றி. ஷேஜோ பௌ என்றால் வங்காளத்தில் மூன்றாவது மருமகள். கதை தொடக்கத்தில் வெறும் ஒலித்தொடர், காதால் மட்டும் கேட்பது. கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில் நான்கு அண்ணன் தம்பிகள், நான்கு மனைவிகள், ஒரே அடுப்படி. மூத்தவள் இடுப்பில் சாவிக்கொத்து இருக்கும். இரண்டாமவளுக்குப் பிறந்த வீட்டுச் செல்வாக்கு. கடைசி மருமகளுக்குச் செல்லம். மூன்றாமவளுக்கு எதுவும் இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவாள், மிஞ்சியதுதான் அவளுக்கு. ஐம்பது வயதைத் தாண்டி ஒரு காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் குடிவந்தாலும், மீன் சமைத்து எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியதும், அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். தணிந்த குரலில், மரியாதையாக, ஒன்றே ஒன்று கேட்பாள்: எனக்கு எடுத்து வைத்தீர்களா?

அவ்வளவுதான் அவள். கொலை இல்லை, ரத்தம் இல்லை. பேருந்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டவர்கள் வீட்டுக்குப் போனதும் அடுப்படி விளக்கைப் போட்டுவிட்டுத்தான் தூங்கினார்கள்.

என் ஆரம்ப வருடங்களில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்தேன், நடிகர்களுக்கு வசனத்தாள் கொடுத்தேன், கதவு கிரீச்சிடுவதில் எத்தனை வகை உண்டு என்று தெரிந்துகொண்டேன். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் என்பதால் மொழிமாற்று வேலைகள் தானாக என் மேசைக்கு வந்தன. அதன் வழியாகத்தான் பிஜன்-தாவின் பக்கத்து நாற்காலிக்கு வந்தேன்.

பிஜன்-தாதான் கதைப் பிரிவுக்குத் தலைவர். ஸ்டுடியோ பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். பக்கத்தில் ரயில் பாதை. லோக்கல் வண்டி போகும்போது ஒலிப்பதிவு நின்றுவிடும். அவர் ஒரு கையைத் தூக்கிப் பிடிப்பார், வண்டியின் கடைசிச் சத்தம் அடங்கிய பிறகும் இன்னும் கொஞ்சம் பிடித்திருந்துவிட்டுத்தான் கையை இறக்குவார். எதைக் கேட்பதானாலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, தலையைப் பின்சுவரில் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். அவர் தலை படுகிற இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை வட்டமாக விழுந்திருந்தது. வெள்ளையடிக்க வந்தவர்களை அந்த இடத்தைத் தொட விடவில்லை. நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல்லமாட்டார். கண்ணைத் திறந்து, ‘இதில் அவள் எங்கே?’ என்று கேட்பார். நாம் தாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

யார் எந்த வடிவத்துக்கு அவளைக் கேட்டு வந்தாலும் அவர் மூன்று கேள்விகள் வைத்திருந்தார். அவளுக்கு என்ன வேண்டும்? யாரைத் தொடமாட்டாள்? எப்போது போவாள்? மூலக்கதையில் பதில்கள் இவை: அவளுக்கு வேண்டியது ஒரு துண்டு மீன். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைத் தொடமாட்டாள். ‘இருக்கிறது, வந்து உட்கார்’ என்று யாராவது சொன்னால் போய்விடுவாள். இந்தப் பதில்கள் மாறாதவரை வயது, புடவை, ஊர், செத்த விதம் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேடிக்கையான முடிவுகள் வரும். காமிக்ஸுக்கு வரைந்தவர் முதலில் வாசல் நிலையில் ஒரு தோளையும் முந்தானையையும் மட்டும் வரைந்தார். அழகாக இருந்தது. அட்டையில் முதுகைப் போட்டால் யார் வாங்குவார் என்று பதிப்பாளர் கேட்க, பல் முளைத்தது, நகம் நீண்டது. பிஜன்-தா முகத்தைச் சுளித்தாலும் விட்டுவிட்டார், பதில்கள் மூன்றும் அப்படியே இருந்தன. குழந்தைகளுக்கான கார்ட்டூனில் அவள் குண்டாகி, சிரித்துக்கொண்டே வாணலியிலிருந்து மீன் திருடினாள். கோபப்படுவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் ரசித்துப் பார்த்தார். ‘அவளேதான்’ என்றார்.

வெப் சீரிஸ்தான் மூன்றையும் மாற்றியது. உரிமையை விற்றவர்கள் அவரைக் கேட்கவில்லை. அதில் அவளுக்கு வயது இருபத்தெட்டு, பேரழகி. கணவன் அவளைத் துறைமுகத் தண்ணீரில் தள்ளிக் கொல்கிறான். அவள் திரும்பி வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்தே குடும்பத்தில் ஒவ்வொருவராக முடிக்கிறாள். முதல் பகுதியைப் பார்த்துவிட்டு பிஜன்-தா, ‘பெண் நன்றாக நடிக்கிறாள். யார் இவள்?’ என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது நடிகையைப் பற்றி இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இங்கே எனக்குச் சொந்தக் கருத்து ஒன்று உண்டு. எனக்கு வெப் சீரிஸ் பிடித்திருந்தது. காதுக்கு ஒரு குரலை வாசலில் நிறுத்திவைத்தால் போதும், மிச்சத்தைக் கேட்பவர் செய்துகொள்வார். காமிரா அப்படி ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது, அதற்கு அவள் நடக்க வேண்டும், காரணம் வேண்டும், பழி வேண்டும். வடிவம் தனக்கு வேண்டியதைக் கதாபாத்திரத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். இதைப் பிஜன்-தாவிடமே சொல்லியிருக்கிறேன். ‘பிடுங்கட்டும். பிடுங்கிய பிறகு அந்தப் பெயரை ஏன் வைத்திருக்கிறார்கள்?’ என்றார்.

வெப் சீரிஸ் தமிழில் மொழிமாற்றம் ஆகி நன்றாக ஓடியது. அதைப் பார்த்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனி மூல ஒலித்தொடரைத் தமிழில் கேட்டது. எழுத்து வேலை எனக்கு. கிடர்பூரைத் தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பாக்கினேன். மீனுக்குப் பிரச்சினையே இல்லை. ஷேஜோ பௌ ‘மூணாவது மருமவ’ ஆனாள். குரலுக்கு யார் என்று தேடும்போது பெஹாலாவில் எங்கள் எதிர்வீட்டு பாக்கியம் அத்தை ஞாபகத்துக்கு வந்தார்.

அத்தை தூத்துக்குடிக்காரர். கணவருக்கு ரயில்வேயில் வேலை, அதனால் கல்யாணமான கையோடு கல்கத்தா வந்தவர். மாமா ஓய்வு பெற்றாயிற்று, மகன்கள் வெளியூரில். பொங்கல் விழா மேடையில் அறிவிப்புச் செய்வதைத் தவிர மைக்கைத் தொட்டதில்லை. குரல் சோதனைக்குக் கூட்டிவந்தேன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பிஜன்-தா விசிறியை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அத்தை தாளைப் பார்க்காமலே கேட்டார்: “எனக்கு எடுத்து வச்சீயளா?”

பிஜன்-தா கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவ்வளவுதான் சோதனை.

முதல் ஆறு பகுதிகள் பதிவாயின. அத்தை பெஹாலாவிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வருவார். மைக் முன்னால் போடுகிற நாற்காலியை வேறு யாராவது நகர்த்தியிருந்தால் மறுபடி தன் இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வெளியே அவர் பார்த்த முதல் வேலை இது. தூத்துக்குடியில் தங்கைக்கு மட்டும் சொல்லியிருந்தார், தங்கை தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

ஆறு பகுதிகளையும் ஒலி சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினோம். அந்தக் கம்பெனியில் எங்களோடு பேசுகிறவர் விக்னேஷ் என்ற இளைஞர், என் வயதுதான் இருக்கும். வீடியோ அழைப்பில் வந்தார். கதை நன்றாக இருக்கிறது, தமிழ் நன்றாக இருக்கிறது என்று தொடங்கியபோதே ஏதோ வருகிறது என்று தெரிந்துவிட்டது.

“வாய்ஸ்தாங்க செட் ஆகல. நாலஞ்சு பேருக்குப் போட்டுக் காட்டினோம். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நடந்து வரும்போது சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு, வாயைத் திறந்தா யாரோ பெரியம்மா பேசுறாங்க.”

வெப் சீரிஸுக்குக் குரல் கொடுத்த பெண் சென்னையிலேயே இருக்கிறாள், மக்களுக்கும் பழகிய குரல், அவளையே போட்டுவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் வேறு ஏதாவது செய்து காட்டினால் பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் அங்கேயே பதிவை முடித்துக்கொள்வதாகவும் சொன்னார். இளம் குரல் வந்தால் வசனத்தையும் அதற்கேற்ப மாற்றவேண்டும், பிறகு பழியும் வரும் என்று பிஜன்-தாவுக்கு உடனே புரிந்தது. எனக்கு அத்தையின் முகம்தான் முதலில் வந்தது.

மறுநாள் அத்தையிடம் சொன்னேன். தங்கைக்கு என்ன சொல்வது என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. “அப்படி என்னத்தப் பேசிட்டேன்னு எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுளா” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குரல் கொடுப்பவர்களுக்கு எங்கள் ஸ்டுடியோவில் முடிந்த பகுதியைப் போட்டுக்காட்டுகிற வழக்கம் இல்லை. பேசிவிட்டுப் போய்விடுவார்கள், மழையும் கதவும் காலடியும் பிறகு சேரும். அத்தை தன் பேயை முழுதாகக் கேட்டதே இல்லை.

போட்டோம். குடும்பம் சாப்பிட்டு முடிக்கிறது. கை கழுவும் தண்ணீர்ச் சத்தம். பிறகு கூடத்திலிருந்து அடுப்படிக்கு, ஜல், ஜல், ஜல்.

அத்தை ஹெட்போனைக் கழற்றினார். “இது யாரு நடந்து வாரது?”

“நீங்கதான் அத்தை.”

“நான் எப்பம்ளா கொலுசு போட்டேன்? மருமவ எடுக்கிற வயசுல கொலுசப் போட்டுக்கிட்டு அடுப்படிக்குப் போனா, பேயப் பாத்து ஊரே சிரிக்கும்.”

ஒலி சேர்த்தவர் தபன்-தா. நல்ல மனிதர், வேலையில் சோம்பல் தெரியாதவர். வங்காள மூலத்தில் அவள் வருவதைக் காட்டுவது சங்கு வளையல். கல்யாணமான பெண்கள் இங்கே இரண்டு கையிலும் போடுவது, ஒன்றோடொன்று இடித்தால் கணீரென்று ஒலிக்காது, மந்தமாகத் தட்டும். அது தமிழர்களுக்குப் புரியாது என்று தபன்-தா தானே யோசித்து, கரியாஹாட்டில் கடை கடையாக ஏறி இறங்கிக் கொலுசு வாங்கி, முத்து முத்தாகச் சரிபார்த்துப் பதிவு செய்திருந்தார். அவரிடம் போய்ச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. தமிழ்ப் பேய்கள் எல்லாம் கொலுசு போட்டுத்தானே வருகின்றன, தான் பார்த்த ஒரு படத்திலும் கொலுசு இல்லாமல் ஒன்றும் வரவில்லையே என்றார். அவர் பார்த்ததெல்லாம் மொழிமாற்றிய படங்கள். சரி, அவர் வங்காளி. தமிழச்சியான எனக்காவது உறுத்தியிருக்க வேண்டுமே? எனக்கும் தமிழ்ப் பேய்களைத் தெரிந்தது அதே படங்களில்தான்.

ஒரே ஒரு ஒலி அவளுக்கு முப்பது வயதைக் குறைத்திருந்தது. குரலை மாற்றவேண்டாம், சத்தத்தை மாற்றினால் போதும் என்று எனக்கு ஒரே உற்சாகம். ஆனால் எந்தச் சத்தம்? கண்ணாடி வளையல் போட்டுப் பார்த்தோம், கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மெட்டி மைக்கில் பல்லி கத்துவது போலக் கேட்டது. சாவிக்கொத்து நன்றாகத்தான் இருந்தது. பிஜன்-தா கையைத் தூக்கினார். சாவி மூத்தவளிடம் அல்லவா இருக்கிறது, மூன்றாமவள் கையில் எப்படி வந்தது என்றார். அதோடு அது போயிற்று.

கடைசியில் பிஜன்-தா அத்தையையே கேட்டார். சத்தத்தை விடுங்கள், கேட்பதற்கு முன்னால் அவள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாள்? அத்தைக்குக் கடைகண்ணியில் பேசுகிற வங்காளம் சரளம். இந்த மாதிரி விஷயத்துக்கு அது போதவில்லை போல, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“வந்த ஒடனே கேக்க மாட்டா. மொதல்ல சட்டியப் பாப்பா. கரண்டியவிட்டு அடியச் சொரண்டிப் பாப்பா. அப்புறந்தான் கேப்பா.”

நான் மாற்றிச் சொன்னேன். பிஜன்-தா உடனே பிடித்துக்கொண்டார். சுரண்டிப் பார்த்தால் சட்டி காலி என்று அவளுக்கே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஏன் கேட்கிறாள்?

“தெரிஞ்சுதான் கேக்கா,” என்றார் அத்தை. “இல்லைன்னு அவுக வாயால சொல்லட்டுமே.”

பிஜன்-தா எழுந்து அவரே விசிறியை நிறுத்தினார். சுவரில் சாய்ந்தார். எங்களுக்கு வியர்த்தது. பாதையில் ஒரு வண்டி போய், இன்னொரு வண்டியும் போயிற்று. கண்ணைத் திறந்தபோது அவர் சந்தோஷமாக இல்லை.

அப்படியானால் முதல் கேள்விக்குப் பதில் மீன் இல்லையே என்றார். இவ்வளவு காலம் அவள் ஆசையோடு வருகிறவள், இன்றாவது இருக்கும் என்று வருகிறவள். இந்த அம்மா சொல்கிறபடி வைத்தால் அவளுக்கு ஆசையே இல்லை, வருவது ‘இல்லை’ என்று அவர்களைச் சொல்ல வைப்பதற்காக. இது வேறு பெண். வெப் சீரிஸ்காரர்கள் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் விடவில்லை. அவர்கள் அவளுக்கு வெளியிலிருந்து ஒரு சாவையும் பழியையும் கொண்டுவந்து ஒட்டினார்கள், இது அவள் ஏற்கெனவே கேட்கிற கேள்வியின் அடியிலேயே இருக்கிறது என்று வாதாடினேன். மற்ற இரண்டு பதில்களையும் சோதித்துப் பாருங்கள் என்றேன். சாப்பிடுகிறவரைத் தொடமாட்டாள், அதில் மாற்றம் இல்லை. எப்போது போவாள்? ‘இருக்கிறது, வந்து உட்கார்’ என்று பொய்யாகச் சொன்னால்கூடப் போய்விடுவாளா என்று அத்தையிடம் கேட்டேன்.

“போயிருவா. பொய்யின்னு தெரிஞ்சாலும் போயிருவா. கூப்பிட்டுட்டாகல்லா.”

இதை வங்காளத்தில் சொன்னேன். பிஜன்-தா தபன்-தாவைப் பார்த்து, சட்டி வைக்கிற உயரத்துக்கு மைக்கை இறக்கச் சொன்னார்.

ஸ்டுடியோ சமையலறையில் இருந்த அலுமினியப் பாத்திரம் சரிவரவில்லை, ஹோட்டல் மாதிரி சத்தம் போட்டது. அடுத்த நாள் அத்தை தன் மீன்சட்டியைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார். ஊரிலிருந்து வந்த மண்சட்டி, பழகிப் பழகி உள்ளே கறுத்து வழவழவென்றிருந்தது. தபன்-தா மைக்கைச் சட்டியின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அத்தை கரண்டியால் ஒரு சுற்றுச் சுரண்டினார், நிறுத்தினார், ஓரத்தில் இன்னொரு முறை. வெறும் சட்டி என்று கேட்கிற யாருக்கும் சொல்லாமலே தெரிந்தது. இரண்டாவது முறை ரயில் குறுக்கிட்டது, மூன்றாவதை எடுத்துக்கொண்டோம். ஆறு பகுதியிலும் கொலுசை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தபன்-தா இதை வைத்தார். அத்தையின் குரலில் ஒரு எழுத்தைக்கூட மறுபடி பதிவு செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினோம். மத்தியானம் அத்தை ஸ்டுடியோவில்தான் இருந்தார். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, வந்திருந்தார். நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். விக்னேஷ் போன் செய்தபோது எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“செம்மயா இருக்குங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பாதியில எழுந்து போயிட்டாரு. நான் அப்பவே சொன்னேன்ல? வாய்ஸ மாத்தின உடனே கதையே வேற மாதிரி ஆயிடுச்சு. யாருங்க இவங்க, டிராமா ஆர்ட்டிஸ்டா? பேரு அனுப்புங்க, டைட்டில்ல போடணும்.”

நான் பிஜன்-தாவைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் புரியவில்லை. எப்படிச் சொல்வது, சொன்னால் மனதை மாற்றிக்கொள்வாரோ என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அத்தை சுவரைவிட்டு வந்து போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“அதே பாக்கியந்தான் தம்பி. யாரையும் மாத்தல.”

தொடர்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

“ஓ,” என்றார் விக்னேஷ். இன்னும் கொஞ்சம் கழித்து, “சரிங்க மேடம். ஏழாவது எபிசோட் எப்ப ரெடியாகும்?”

அதற்கு நான்தான் பதில் சொன்னேன். போனை வைத்ததும் பிஜன்-தாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தலையசைத்துவிட்டு ஏழாம் பகுதியின் தாள்களை எடுக்கப் போனார். அத்தை வீட்டுக்குக் கிளம்பினார். சட்டியைச் சுற்றி எடுத்துப்போகப் பழைய புடவைத் துணி கையில் இருந்தது, சட்டியைக் காணவில்லை. தபன்-தா அதைத் துடைத்து, மைக்குகளை வைக்கிற அலமாரியில் மேல்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தார். கடைசிப் பகுதி முடிகிறவரை அது இந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது, வேறு சட்டியில் இதே சத்தம் வராது என்று ஒரே பிடிவாதம். இன்றைக்கு வீட்டில் மீன் வாங்கி வைத்திருக்கிறதே என்று அத்தை வங்காளத்தில் சொல்லிப் பார்த்தார். தபன்-தா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அத்தை அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மாமாவுக்குப் போன் செய்தார்.

“சட்டி ஆபீசுல இருக்கு,” என்றார். “இன்னைக்கு மீன நீங்களே எதுலயாவது ஆக்கிக்கிடுங்க.”